ஷூவைப் பார்த்த பிறகே முகத்தைப் பார்த்த ஊர்!

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் ஹெர்ட்சோகெனாராக் என்று ஒரு சின்ன ஊர். வாயில் நுழையாத பெயர்தான். அந்த ஊர்க்காரர்களே 'ஹெர்ட்சோ' என்று சுருக்கிக்கொள்கிறார்கள். மக்கள்தொகை சுமார் 24,000. நம்ம ஊர்க் கணக்கில் ஒரு பேரூராட்சி. இந்த ஊருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, 'குனிந்த கழுத்துகளின் ஊர்'. பணிவெல்லாம் காரணமில்லை. எதிரே வருகிறவருக்கு வணக்கம் சொல்வதற்கு முன்னால், அவர் காலில் இருப்பது அடிடாஸா, பூமாவா என்று குனிந்து பார்த்துக்கொள்வார்களாம். அதன் பிறகுதான் பேச்சா, முறைப்பா என்று முடிவாகும்.

அடிடாஸ், பூமா இரண்டும் பிறந்தது இந்த ஒரே ஊரில்தான். இன்றும் இரண்டின் தலைமையகமும் இங்கேதான். ஆரம்பித்தவர்கள் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பங்காளிச் சண்டை நம் ஊரில் வரப்புத் தகராறோடு நிற்கும். இங்கே அது உலகக் கோப்பை மைதானம் வரை போனது.

என் அக்கா வீடு, ஹெர்ட்சோவுக்குப் பக்கத்தில் எர்லாங்கன் என்ற ஊரில். லீவுக்குப் போயிருந்தேன். பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது இரண்டு கிலோ ஃபில்டர் காபிப் பொடி. எட்டு வருடமாக ஜெர்மனியில் இருந்தும் அக்காவுக்கு அந்த ஒரே கம்பெனிப் பொடிதான். "இங்கேயும் காபி கிடைக்குதே" என்று மாமா ஒருநாள் சொல்லிப் பார்த்து, அன்று முழுக்கக் காபியே கிடைக்காமல் போனது தனிக்கதை. பிராண்ட் விசுவாசம் என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஹெர்ட்சோவுக்குக் கிளம்பும்போது மாமா என் காலைப் பார்த்தார். "என்னம்மா போட்டிருக்கே?"

"தி.நகர்ல வாங்கினது மாமா. பிராண்டெல்லாம் கிடையாது."

"நல்லதாப் போச்சு. ரெண்டு பக்கமும் உன்னைச் சேர்த்துக்குவாங்க."

ஹெர்ட்சோவுக்கு ரயில் கிடையாது. ஒரு காலத்தில் இருந்த பயணிகள் ரயிலை 1984-ல் நிறுத்திவிட்டார்கள். உலகமெல்லாம் ஷூ அனுப்புகிற ஊருக்குப் பஸ்ஸில்தான் போக வேண்டும். எர்லாங்கனில் ஏறினால் அரை மணி நேரம் போல ஆகிறது.

இறங்கியதும் ஷூ வாசனையே இல்லை. கல் பாவிய தெருக்கள், மரச்சட்டம் வெளியே தெரியும் பழைய வீடுகள், இரண்டு பழங்காலக் கோபுரங்கள், பேக்கரி, ஆராக் என்ற சின்ன ஆறு. 1002-ம் ஆண்டு ஆவணத்திலேயே இந்த ஊரின் பெயர் வருகிறது. முதலில் நெசவு, அது நொடித்ததும் செருப்புத் தொழில். 1920-களின் தொடக்கத்தில், சில ஆயிரம் பேர் மட்டுமே வசித்த இந்த ஊரில் நூற்றுக்கும் மேற்பட்ட செருப்புத் தொழிலாளர்கள் இருந்தார்கள். வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் கம்பளிச் செருப்புதான் ஸ்பெஷல். இன்று அடிடாஸ், பூமா தவிர ஷாஃப்லர் என்ற பெரிய பேரிங் கம்பெனிக்கும் இதுதான் தலைமையகம். அவர்களுக்கு நம் ஓசூரிலும் தொழிற்சாலை இருக்கிறது. ஆனால், பேரிங்கைக் காலில் மாட்டிக்கொண்டு யாரும் சண்டை போடுவதில்லை என்பதால் அந்தக் கம்பெனியைப் பற்றிக் கதைகளும் இல்லை.

டாஸ்லர் வீட்டுக் கதைக்கு வருவோம். அப்பா ஷூ தொழிற்சாலைத் தொழிலாளி. அம்மா துணி வெளுத்துக் கொடுத்தவர். வெளுத்த துணியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது பிள்ளைகள். இளையவர் அடால்ஃப், செல்லமாக 'அடி'. முதல் உலகப் போர் முடிந்து திரும்பியதும் அம்மா துணி வெளுத்த அறையிலேயே ஷூ தைக்க ஆரம்பித்தார். மூத்தவர் ருடால்ஃப் வந்து சேர்ந்துகொள்ள, 1924-ல் 'டாஸ்லர் சகோதரர்கள் ஷூ தொழிற்சாலை' பதிவானது. தம்பிக்கு வாய் கம்மி, கை வேலை சுத்தம். அண்ணன் பேசியே விற்றுவிடுவார். ஒரு கம்பெனிக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி அமையாது.

1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ். நான்கு தங்கம் வாங்கிய அமெரிக்க வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸின் காலில் இருந்தது இவர்களுடைய ஷூ. ஹிட்லரின் ஊரில் நடந்த போட்டியில் ஒரு கறுப்பின வீரருக்கு ஷூ கொடுத்தவர்கள் என்பது பெருமையாகச் சொல்லப்படுகிறது. அதே சகோதரர்கள் 1933-லேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அண்ணன் தம்பி உறவும் முடிந்திருந்தது. ஏன் என்பதற்கு ஊரில் பல கதைகள். அதிகம் சொல்லப்படுவது இது. ஒரு குண்டுவீச்சின்போது ருடால்ஃப் குடும்பம் ஏற்கெனவே பதுங்கியிருந்த அறைக்குள் அடியும் மனைவியும் நுழைகிறார்கள். "அந்தப் பாவிகள் மறுபடி வந்துட்டாங்க" என்கிற அர்த்தத்தில் அடி ஏதோ திட்டுகிறார். வானத்தில் வந்த விமானங்களைச் சொன்னார் என்பது ஒரு கட்சி. தன் குடும்பத்தைத்தான் சொன்னான் என்பது அண்ணன் கட்சி. கல்யாண வீட்டில் யாரோ எதையோ சொல்லப்போய் முப்பது வருடம் பேசாமல் இருக்கும் சொந்தக்காரர்கள் நமக்கெல்லாம் இருக்கிறார்கள் என்பதால், எனக்கு இதை நம்புவதில் சிரமமே இருக்கவில்லை.

1948-ல் பிரிந்தார்கள். அண்ணன் ஆற்றைத் தாண்டிப் போய், ருடால்ஃப் டாஸ்லர் என்பதைச் சுருக்கி 'ருடா' என்று தொடங்கி, அது ஓசை நன்றாக இல்லையென்று 'பூமா' ஆக்கினார். (நமக்குப் பூமா என்றால் பக்கத்து வீட்டு அத்தை ஞாபகம் வரும். அவர்களுக்குச் சிறுத்தை மாதிரி ஒரு விலங்கு.) தம்பி 1949 ஆகஸ்ட் 18-ல் 47 தொழிலாளர்களோடு 'அடி டாஸ்லர் அடிடாஸ்' என்று பதிவு செய்தார். இயந்திரத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தம்பி பக்கம். விற்பனைக்காரர்கள் பெரும்பாலும் அண்ணன் பக்கம்.

கம்பெனி பிரிந்ததோடு ஊரும் பிரிந்ததுதான் விசேஷம். ஒவ்வொரு வீட்டுக்கும் அரிசி போடுகிறவர் யார் என்பது அந்த வீட்டுப் பிள்ளை போடும் ஷூவில் தெரிந்தது. பேக்கரி தனி, கறிக்கடை தனி, பீர் குடிக்கும் கடை தனி. ஏ.எஸ்.வி என்ற உள்ளூர் கால்பந்து கிளப் அடிடாஸ் பக்கம். எஃப்.சி ஹெர்ட்சோகெனாராக் பூமா பக்கம். 1990-ல் உலகக் கோப்பையைத் தூக்கிய ஜெர்மன் கேப்டன் லோதர் மத்தேயஸ் வளர்ந்தது இந்த ஊரில். அப்பா பூமாவில் வேலை பார்த்தவர் என்பதால் பிள்ளை எந்த கிளப்பில் ஆடியிருப்பார் என்று நீங்களே சொல்லிவிடலாம். அடிடாஸ் வீட்டுப் பையனும் பூமா வீட்டுப் பெண்ணும் காதலித்தால் ரஜினி ரசிகர் மன்றத் தலைவர் வீட்டில் கமல் போஸ்டர் ஒட்டிய கதைதான்.

எனக்குப் பிடித்த கதை வேறு. ருடால்ஃப் வீட்டுக்கு எலெக்ட்ரீஷியனோ பிளம்பரோ வேலைக்கு வரும்போது வேண்டுமென்றே அடிடாஸ் ஷூ போட்டுக்கொண்டு வருவார்களாம். அதைப் பார்த்ததும் பெரியவருக்குப் பொறுக்காது. 'கீழே போய் ஒரு ஜோடி பூமா எடுத்துக்கோ' என்று சும்மா கொடுத்துவிடுவார். சொன்னவர் ருடால்ஃபின் சொந்தப் பேரன் ஃபிராங்க் டாஸ்லர். விசுவாசத்தை வைத்து முதலாளி பிழைத்த ஊரில், தொழிலாளி எப்படிப் பிழைத்தார் பாருங்கள்! இன்னொன்று, அந்தப் பேரன் பிற்பாடு வேலைக்குச் சேர்ந்தது அடிடாஸில்.

இரண்டு பேரும் ஒருவர் மீது ஒருவர் வைத்த கண்ணை எடுக்கவில்லை. 1954 உலகக் கோப்பை இறுதிப் போட்டி, பெர்ன் நகரில் கொட்டும் மழை. சேற்றுக்கு ஏற்றபடி மாட்டிக் கழற்றும் ஸ்க்ரூ ஸ்டட் வைத்த அடிடாஸ் பூட்ஸோடு ஜெர்மனி 3-2 என்று ஹங்கேரியை வீழ்த்தியது. அடிடாஸ் உலகப் புகழ் பெற்றது. 'ஸ்க்ரூ ஸ்டட்டை 1952-லேயே கொண்டுவந்தது நாங்கள்' என்று பூமா இன்று வரை சொல்கிறது. 1970 மெக்சிகோ உலகக் கோப்பைக்கு முன் இரண்டு கம்பெனியும் பேசி வைத்துக்கொண்டன. பீலே பக்கம் யாரும் போகக் கூடாது, ஏலம் எகிறிவிடும் என்று. கடைசியில் பீலே, ஆட்டம் தொடங்கும் நேரத்தில் நடுவரிடம் ஒரு நிமிடம் கேட்டுக் குனிந்து லேஸ் கட்டினார். கேமரா கிட்டே போனது. காலில் பூமா! 1974-ல் நெதர்லாந்து அணிக்கு அடிடாஸ் ஜெர்ஸி, மூன்று கோடு. பூமாவோடு ஒப்பந்தம் வைத்திருந்த யோஹான் க்ரைஃப் மட்டும் இரண்டு கோடு போட்ட ஜெர்ஸியில் ஆடினார். ஒரு கோட்டுக்கு இவ்வளவு மானப் பிரச்னை.

ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கும் போனேன். ருடால்ஃப் 1974-ல் இறந்தார், அடி 1978-ல். இரண்டு பேருக்கும் இடம் ஒரே தோட்டத்தில்தான். ஆனால், இந்த மூலையில் ஒருவர், அந்த மூலையில் ஒருவர். அதற்குள் எவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தூரம். அன்றைக்கு அங்கே என்னைத் தவிர ஒரு பாட்டி மட்டும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் அவர் காலைப் பார்த்தேன். ரப்பர் பூட்ஸ்.

மூன்றாவது கடை

ஊருக்கு வெளியே தலைமையக வளாகங்களும் ஃபேக்டரி விலைக் கடைகளும் இருக்கின்றன. அடிடாஸ் வளாகம் பழைய அமெரிக்க ராணுவ முகாம் இருந்த இடத்தில் பரந்து கிடக்கிறது. பூமாவின் கட்டடம் கூப்பிடு தூரத்தில். கடைகளில் நம் ஆடித் தள்ளுபடி கூட்டம் தோற்றுவிடும். தள்ளுவண்டி நிறைய ஷூ பெட்டிகளோடு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஒரே பெண்மணி கையில் அடிடாஸ் பையும் பூமா பையும் இருந்ததைப் பார்த்தபோது, அறுபது வருடத்துக்கு முன்னால் இவரை ஊருக்குள் விட்டிருப்பார்களா என்று தோன்றியது.

அங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்தேன். நைக்கி! அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவில் வந்து கடை போட்டிருக்கிறது அமெரிக்க நைக்கி. என்னைக் கேட்டால், இந்த ஊரில் பார்க்க வேண்டிய முக்கியமான இடம் கோபுரம் இல்லை, கல்லறையும் இல்லை, இந்தக் கடைதான்.

ஏனென்றால் ஹெர்ட்சோவில் அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தபோது, 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் எம்.பி.ஏ படித்த ஃபில் நைட் என்ற மாணவர் ஒரு கட்டுரை எழுதினார். ஜப்பான் கேமராக்கள் வந்து ஜெர்மன் கேமராக்களின் மார்க்கெட்டைக் காலி செய்த மாதிரி, ஜப்பான் ஷூக்களால் ஜெர்மன் ஷூக்களையும் காலி செய்ய முடியுமா என்பதுதான் விஷயம். அதாவது ஹெர்ட்சோவைக் குறிவைத்து எழுதப்பட்ட கட்டுரை. எழுதியதோடு நிற்காமல் ஜப்பானின் கோபே நகருக்குப் போய் ஷூ கொள்முதல் பேசினார். 1964-ல் தன் பழைய தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மேனோடு ஆளுக்கு 500 டாலர் போட்டுத் தொழில் ஆரம்பித்தார். 1971-ல் நைக்கி என்ற பெயர் வந்தது.

பவர்மேன் தன் மாணவர்களின் ஷூக்களைப் பிரித்துப் போட்டு, எங்கே எடை குறைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த ஆள். அமெரிக்காவில் சாதாரண ஜனங்கள் காலையில் ஓட ஆரம்பித்த காலம் அது. ஆபீஸ் போகிறவர், குடும்பத் தலைவி என்று எல்லோரும் ஜாகிங். பந்தயத்தில் ஜெயிக்கிறவர் காலையே பார்த்துப் பழகிய ஜெர்மன்காரர்கள், பந்தயத்துக்கே போகாத இந்தக் கோடிக்கணக்கான கால்களை லட்சியம் செய்யவில்லை. 1984-ல் இன்னொன்று நடந்தது. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானுக்கு அப்போது பிடித்த பிராண்ட் அடிடாஸ். அதை அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஆனால், தேடிப் போய் அவரை வளைத்தது நைக்கி. ஏர் ஜோர்டான் பிறந்தது அப்படித்தான். வாடிக்கையாளரின் விசுவாசம் கையில் இருந்தும் கோட்டை விட்ட கதை.

1990-க்குள் அடிடாஸும் பூமாவும் டாஸ்லர் குடும்பங்களின் கையை விட்டே போய்விட்டன.

இதைப் படித்துவிட்டு 'போட்டியாளரைக் கவனிக்காததால் வீழ்ந்தார்கள்' என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இவர்களைப் போலப் போட்டியாளரைக் கவனித்தவர்கள் உலகத்திலேயே கிடையாது. தூங்கி எழுந்ததிலிருந்து அதுதான் வேலை. ஆனால், பார்த்தது ஒரே ஆளை. பக்கத்து வீட்டுக்காரன் வாசலில் எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணிக்கொண்டே இருந்ததில், தெருமுனையில் மூன்றாவதாக ஒருவன் கடை திறந்தது கண்ணில் படவில்லை. சொல்லப்போனால் அந்தச் சண்டைதான் இருவரையும் உலக அளவுக்கு வளர்த்துவிட்டது. அதே சண்டைதான் கழுத்தை நிமிரவிடாமலும் செய்தது.

நைக்கி கடைக்குள் போய் ஒரு ஷூவின் நாக்கைத் திருப்பிப் பார்த்தேன். 'மேட் இன் வியட்நாம்'. நம் திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறிலும் நைக்கிக்கு ஷூ தைக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். செய்யாறு ஷூ ஏதாவது கிடைக்குமா என்று நாலைந்து பெட்டியைக் கிளறிவிட்டு, விற்பனைப் பெண் பார்த்த பார்வையில் வெளியே வந்துவிட்டேன்.

ஊருக்கு விழுந்த பெரிய அடி 2024 மார்ச்சில். 2027 முதல் ஜெர்மன் கால்பந்து அணிகளுக்கு நைக்கிதான் ஜெர்ஸி கொடுக்கும் என்று அந்த நாட்டுக் கால்பந்து சம்மேளனம் அறிவித்தது. எழுபது வருடத்துக்கும் மேலாக அடிடாஸ் வைத்திருந்த இடம் அது. மத்திய அமைச்சரே மூன்று கோடு இல்லாத ஜெர்மன் ஜெர்ஸியைக் கற்பனை செய்ய முடியவில்லை என்று வருத்தப்பட்டார். வந்ததிலேயே நல்ல ஆஃபர் நைக்கியுடையது என்று சம்மேளனம் கை விரித்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு கோடையில் நடந்த யூரோ கோப்பைக்கு ஜெர்மன் அணி தங்கியது ஹெர்ட்சோவில், அடிடாஸ் வளாகத்தில்! விசுவாசத்தைக் காசாக்குவது கம்பெனிகள் மட்டும் செய்கிற வேலை இல்லை.

"நம்ம கிரிக்கெட் டீமுக்கும் நைக்கிதானே ரொம்ப நாள் ஜெர்ஸி போட்டுச்சு?" என்றார் மாமா, அன்று இரவு சாப்பிடும்போது. உண்மைதான். 2020 வரை நைக்கி. 2023-லிருந்து இந்திய ஜெர்ஸியில் அடிடாஸின் மூன்று கோடு. விராட் கோலி எட்டு வருடம் பூமாவின் முகமாக இருந்துவிட்டு, 2025-ல் விலகி ஓர் இந்தியக் கம்பெனிக்குப் போனார். அக்கா பையன், கோலி ரசிகன், பூமா ஷூவைக் கழற்றவா வேண்டாமா என்ற குழப்பத்தில் இருக்கிறான்.

இப்போது ஊருக்குள் பழைய பகை இல்லை. 2009 செப்டம்பர் 21, உலக அமைதி தினத்தன்று இரண்டு கம்பெனி ஊழியர்களும் கலந்து கால்பந்து ஆடிக் கைகுலுக்கிக்கொண்டார்கள். பூமாவின் தலைமை நாற்காலியில் இருந்த நார்வேக்காரர் பியோர்ன் குல்டன் 2023 ஜனவரியில் அடிடாஸ் தலைவரானார். இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் அடிடாஸில் இருந்த ஆர்தர் ஹோல்ட் 2025 ஜூலையில் பூமா தலைவரானார். ருடால்ஃபும் அடியும் இதைக் கேட்டால் கல்லறையில் புரண்டு படுப்பார்கள். எதிரெதிர்ப் பக்கமாக.

பகை போனாலும் பயம் போகவில்லை. 2025 ஜனவரியில், ஹெர்ட்சோ தலைமையகத்தில் 500 வேலைகள் வரை குறைக்கப்படலாம் என்றது அடிடாஸ். அதே ஆண்டு அக்டோபரில், உலகம் முழுக்க 900 அலுவலக வேலைகளைக் குறைக்கப்போவதாக பூமா சொன்னது. நாற்காலிகள் மாறிக்கொள்கிறவர்களுக்கு இது செய்தி. 24,000 பேர் இருக்கிற ஊரில் அது பக்கத்து வீட்டுக்காரரின் வேலை. பேக்கரியில் பேச்சுக் கொடுத்த பெரியவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வந்தது. பேரன் அடிடாஸில், மருமகள் பூமாவில் என்று விரல் விட்டுச் சொன்னார். 'அப்போ இப்போ சண்டை இல்லையா?' என்றேன். சிரித்துவிட்டு, மாதக் கடைசியில் இரண்டு சம்பளமும் வர வேண்டும் என்றார்.

திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நானும் ஊர்க்காரியாகி, நிழற்குடையில் நின்றவர்களின் கால்களைப் பார்த்தேன். ஒன்று அடிடாஸ் சாம்பா. ஒன்று பூமா. இரண்டு பேர் காலில் 'ஆன்'. 2010-ல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய கம்பெனி. ஓடுகிறவர்கள் மத்தியில் இப்போது 'ஆன்' பற்றியும், பிரான்சில் பிறந்த ஹோகா பற்றியும்தான் பேச்சு. நைக்கியே இவர்களிடம் இடம் இழந்து, ஓய்வு பெற்றுப் போயிருந்த பழைய அதிகாரி எலியட் ஹில்லை 2024-ல் திரும்பக் கூப்பிட்டுத் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்தது. அதுவும் ஓடிக்கொண்டிருந்த பாதையில் குனிந்திருக்கும்போல.

போக நினைப்பவர்களுக்கு: மியூனிக்கிலிருந்து நியூரம்பெர்க் வேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அங்கிருந்து எர்லாங்கன் ரயில், பிறகு பஸ். கல்லறைத் தோட்டம், பழைய ஊர், கடைகள் எல்லாவற்றுக்கும் ஒரு பகல் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள். அன்று ஜெர்மனியில் கடைகளுக்கு விடுமுறை. அந்த ஒரு நாள் அடிடாஸ், பூமா, நைக்கி மூன்று பேரும் ஒற்றுமையாக ஷட்டரை இறக்கியிருப்பார்கள்.